சங்ககிரிப் பிள்ளைகளுக்குக் கடலடியில் என்ன வேலை?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நிகழ்த்திய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் தகராறு எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நன்றி. எனக்கு நேரம் ஒதுக்கிய சங்க நிர்வாகிகளுக்கு அடுத்த நன்றி.

நோட்டீஸ் போர்டில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் லிஃப்டில் கேட்டார்: "ஏனுங்க சார், நம்ம ஊர்ல இருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. கடல் படிப்பைப் பத்தி இங்க எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. நம் ஊரில் இருக்கும் இரண்டு விஷயங்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலாவது, சுண்ணாம்புக்கல். சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வந்ததற்குக் காரணமே இந்த மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்தான். அதன் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சர்க்கரைக் கட்டி போல் மினுமினுக்கும். பழங்காலக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு, பூமிக்குள் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இப்படிப் படிகமாக மாறியது என்பதே இத்தகைய கல்லுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நாமக்கல் வட்டாரத்தில் பழைய கடல் தரையின் மிச்சம் என்று கருதத்தக்க பாறைகள் இருப்பதாகவும் சில ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் அதை மறுக்கிறார்கள். விவாதம் நடக்கிறது. ஆக, கடலைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று நம் வீட்டு வாசலிலேயே முடியாமல் கிடக்கிறது.

இரண்டாவது, ரிக் வண்டி. திருச்செங்கோட்டு ரிக் போகாத மாநிலம் இந்தியாவில் குறைவு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கே ரிக் தொழிலில் பங்கு உண்டு. ராடு மேல் ராடாக இறக்கி, கீழே என்ன பாறை என்பதை மேலே வரும் தூளை வைத்துச் சொல்லும் ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கடலடி ஆராய்ச்சியின் பெரிய பகுதி இதே வேலைதான். வண்டிக்குப் பதில் கப்பல். தூளுக்குப் பதில் முழுசாக ஓர் உருளை.

கப்பலில் என்ன நடக்கிறது?

ஜியாலஜி என்றால் பாறை, மண், கனிமம், நிலநடுக்கம் ஆகியவற்றைப் படிப்பது. தமிழில் புவியமைப்பியல் என்போம். பள்ளியில் சமூக அறிவியலில் வரும் புவியியல், அதாவது ஜியாகிரபி, வேறு. இந்தக் குழப்பத்தில் தவறான பாடத்தில் சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜியாலஜியைக் கடலுக்கு அடியில் செய்தால் அது கடல்சார் புவியறிவியல்.

ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்று ஓர் அமெரிக்கத் துளையிடும் கப்பல் இருந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து போவார்கள். நங்கூரம் போடாமல், உந்திகளின் பலத்தில் கடல் நடுவே ஒரே இடத்தில் நின்று, கீழே குழாயை இறக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 9.5 மீட்டர் நீள மண் உருளை மேலே வரும். அதை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நெடுக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதியைத் தொடாமல் சேமிப்புக்கு வைப்பார்கள். மறு பாதியில்தான் ஆராய்ச்சி. ஆளுக்கு 12 மணி நேர ஷிப்ட், இரண்டு மாதம்.

2014 நவம்பரில் இருந்து 2015 ஜனவரி வரை இந்தக் கப்பல் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் துளையிட்டது. நோக்கம், இந்தியப் பருவமழையின் பழைய வரலாற்றைப் படிப்பது. கடல் மண்ணில் மணல் அளவிலான சிறிய ஓடுகள் கிடக்கும். போராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடு. அந்த ஓட்டில் இருக்கும் ஆக்ஸிஜனை அளந்தால், அது வாழ்ந்த காலத்தில் கடல் நீர் எவ்வளவு சூடாக இருந்தது, ஆறுகள் எவ்வளவு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தன என்று கணிக்கலாம். மேட்டூர் நிரம்புமா என்று வருடா வருடம் ஆடியில் கவலைப்படுகிறோம் அல்லவா? மழை ஏன் சில காலம் கொட்டியது, சில காலம் பொய்த்தது என்பதற்கான கணக்கு அந்தச் சேற்றில் இருக்கிறது.

2015 மார்ச் இறுதியில் அதே கப்பல் கொழும்பில் இருந்து கிளம்பி அரபிக்கடலில் துளையிட்டு மும்பையில் கரை சேர்ந்தது. அந்தப் பயணத்துக்குத் தலைமை வகித்த இருவரில் ஒருவர் கோவாவில் உள்ள நம் தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த தனஞ்சய் பாண்டே. சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் நடந்த பிரம்மாண்டமான நிலச்சரிவு ஒன்றின் மண்ணை அங்கே எடுத்தார்கள். சரிந்த மண்ணின் அளவு சுமார் 19,000 கன கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு வைத்த பெயர் நடராஜா சரிவு.

நம் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமியை யாரும் மறக்கவில்லை. அதற்கு முன் நம் கடற்கரையில் சுனாமி வந்ததுண்டா என்ற கேள்விக்கு விடை தேடிய சி.பி. ராஜேந்திரன் குழுவினர், காவிரிப்பூம்பட்டினத்தில் மண் அடுக்குகளைத் தோண்டிப் பார்த்து, சோழர் காலத்தில், அதாவது ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன், ஒரு சுனாமி வந்து போனதற்கான தடயத்தை 2011-ல் வெளியிட்டார்கள். இதற்குக் கப்பலே தேவைப்படவில்லை. மண்ணைப் படிக்கத் தெரிந்த கண் போதுமானதாக இருந்தது.

அதே காவிரி நம் பள்ளிபாளையம், குமாரபாளையம் வழியாகத்தான் போகிறது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்ததில் இருந்து, மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்குகிறது. வண்டல் வராத கழிமுகத்தைக் கடல் அரிக்கும். பூம்புகாரில் கரை ஏன் தேய்கிறது என்று படிக்க வருகிறவர், சேலம் மாவட்டத்தையும் சேர்த்துத்தான் படித்தாக வேண்டும்.

நான் சொல்லாமல் விட்ட பதில்

நான் கல்லூரியில் பாறை சொல்லிக் கொடுத்தவன். பல வருடங்களுக்கு முன் என்னிடம் எம்.எஸ்சி. படித்த ஒரு மாணவிக்கு ஆய்வுக் கப்பலில் ஒரு மாதப் பயணத்துக்கு இடம் கிடைத்தது. வகுப்பில் அவளை விட நன்றாகப் பாறையைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆள் கிடையாது. அப்பா லாரி வைத்திருந்தார். கல்லூரிக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேட்டார்.

"கப்பல்ல போய் புள்ள என்னங்க பண்ணும்? இதுக்கு அப்புறம் வேலை கிடைக்குமா? எத்தனை வருசம் ஆகும்? பொம்பளைப் புள்ள, போன் கூடக் கிடைக்காத இடத்துல எப்படிங்க இருக்கும்?"

முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். மற்ற மூன்றுக்கும் என்னிடம் தெளிவான பதில் இல்லை. "உங்கள் விருப்பம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போகவில்லை. அந்த இடம் வேறு ஒருவருக்குப் போனது. இன்று அவள் நன்றாகவே இருக்கிறாள், பள்ளியில் ஆசிரியை. ஆனால் அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் அந்த அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும். அவர் பிடிவாதக்காரர் இல்லை. விவரம் கேட்டார். விவரம் சொல்ல ஆள் இல்லை. அவ்வளவுதான்.

ஆகவே இன்றைக்கு உங்களிடம் அந்தப் பதில்களைச் சொல்கிறேன்.

எங்கே படிப்பது?

முதலில் ஒரு எச்சரிக்கை. மரைன் இன்ஜினியரிங் என்பது கப்பல் இயந்திரத்தைப் பற்றிய படிப்பு. மரைன் பயாலஜி என்பது கடல் உயிரினங்கள். ஓஷன் இன்ஜினியரிங் என்பது துறைமுகம், கடல் நடுவே கட்டப்படும் மேடை போன்ற கட்டுமானங்கள். இவை எல்லாம் நல்ல படிப்புகளே. ஆனால் நான் பேசுவது இவற்றைப் பற்றி இல்லை. 'மரைன்' என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். கப்பலில் வேலை என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகள் பக்கமே போகாதீர்கள். ஆய்வுக் கப்பலுக்குப் போக யாருக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

ப்ளஸ் டூ-வுக்குப் பிறகு பி.எஸ்சி. ஜியாலஜி. இதற்குச் சேலம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. நம் வாசலில் பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றிலும் ஜியாலஜி உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணத்தைத் தனியார் இன்ஜினியரிங் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

பிறகு எம்.எஸ்சி. சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி துறை இருக்கிறது. கடலை நோக்கிப் போக விரும்புகிறவர்கள் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மரைன் ஜியாலஜி, மரைன் ஜியோபிசிக்ஸ் இரண்டுக்கும் அங்கே எம்.எஸ்சி. உண்டு. மங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் மரைன் ஜியாலஜிக்கென்றே துறை உண்டு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் தொண்டிக் கடற்கரையில் கடலியல் துறையை நடத்துகிறது. ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு. அதில் ஜியாலஜி தனித் தாளாகவே இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். கடலடியை ஒலி அலை அனுப்பித்தான் பார்க்கிறோம். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தையும், அடுக்குகளையும் கணக்கிடுகிறோம். அந்தக் கணக்குத் தெரிந்தவருக்கு ஜியோபிசிக்ஸ் பக்கம் போகும் வழியும் திறந்திருக்கும்.

"பையனை ஏற்கெனவே மெக்கானிக்கல்ல சேர்த்துட்டோமே" என்று சிலர் நினைப்பீர்கள். கவலை வேண்டாம். சென்னை பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போகும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை அங்கேதான் உருவாக்குகிறார்கள். ஆட்கள் உட்காரும் உருண்டையின் குறுக்களவு 2.1 மீட்டர்தான். 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டானியம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீருக்குள் இறக்கிச் சோதித்தார்கள். அந்த வேலைக்கு மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேண்டும்.

படிக்கும்போதே கிடைக்கும் வாய்ப்புகள்

இதைத்தான் பெரும்பாலான மாணவர்கள் தவறவிடுகிறார்கள். தகவல் தெரியாததுதான் காரணம்.

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழே உட்கார்ந்து வேலை செய்யலாம். செலவுக்குப் பணமும் தருவார்கள். முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் வந்துவிடும். ஏப்ரலில் எழுந்து தேடினால் கிடைக்காது.

ப்ளஸ் டூ-வில் மேல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. அந்தப் பாடப் பட்டியலில் ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ், கடல் அறிவியல் மூன்றும் உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டை எங்கே செய்கிறோம் என்பது முக்கியம். கல்லூரிக்குள்ளேயே முடித்துவிடுவது சுலபம். ஆனால் கோவா டோனா பாலாவில் தேசிய கடலியல் நிறுவனம் இருக்கிறது. 1960-களில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வைத் தொடர்ந்து 1966-ல் தொடங்கியது. அங்கேயோ, துருவ மையத்திலோ, பள்ளிக்கரணையிலோ புராஜெக்ட் செய்ய முயலுங்கள். விஞ்ஞானிக்கு நேராக மின்னஞ்சல் எழுதலாம். "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வாய்ப்புத் தாருங்கள்" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் ஒரு கேள்வியை எழுதி, ஒருவருக்கு அனுப்புங்கள். பத்தில் இரண்டு பதில் வந்தாலே போதும்.

ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸில்தான் 2007 முதல் நம் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கே கடலியலில் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறார்கள்.

கப்பலுக்கே போகாமலும் ஆராய்ச்சி செய்யலாம். ஜாய்டஸ் ரெசல்யூஷன் 2024-ல் தன் கடைசிப் பயணத்தை முடித்துவிட்டது. ஆனால் அது இந்தியப் பெருங்கடலில் எடுத்த மண் உருளைகள் ஜப்பானில் கோச்சி என்ற ஊரில் குளிர் அறையில் பத்திரமாக இருக்கின்றன. கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பான் கோச்சி. என்ன ஆராய்ச்சி, எத்தனை கிராம் வேண்டும் என்று ஆய்வுத் திட்டம் எழுதி, வழிகாட்டியின் துணையோடு கேட்டால் மாதிரி அனுப்புவார்கள். சேலத்தில் உட்கார்ந்து வங்கக் கடலின் அடியைப் படிக்கலாம்.

வெளிநாட்டு வாய்ப்பு ஒன்று. உலகக் கடல் தரையை வரைபடமாக்கும் ஜெப்கோ என்ற பன்னாட்டு முயற்சியும் ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும் சேர்ந்து, 2004 முதல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுப் பயிற்சி தந்துவருகின்றன. ஆண்டுக்கு ஏழெட்டுப் பேருக்குள்தான் எடுப்பார்கள். செலவு அவர்களுடையது. 2025 ஜூன் கணக்குப்படி உலகக் கடல் தரையில் 27.3 சதவீதம்தான் நவீன முறையில் அளக்கப்பட்டிருக்கிறது. மிச்சத்தை அளக்க ஆள் தேவை.

வேலை கிடைக்குமா, எத்தனை வருடம் ஆகும்?

இதில் சர்க்கரை தடவிப் பேச மாட்டேன்.

நேரான வழி, யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு. எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். வயது 21-இல் இருந்து 32. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆண்டும் சலுகை. ஜியாலஜி படித்தவர் ஜியாலஜிஸ்ட் ஆகலாம். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர் ஜியோபிசிசிஸ்ட் தேர்வும், எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர் கெமிஸ்ட் தேர்வும் எழுதலாம். இது பலருக்குத் தெரியாது. தேர்வானால் இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் குரூப் 'ஏ' பதவி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. அந்தத் துறையின் கடல் பிரிவுக்கு மங்களூரு தலைமையிடம். சமுத்திர ரத்னாகர் உள்ளிட்ட கப்பல்கள் அவர்களிடம் இருக்கின்றன. முதல்நிலைத் தேர்வு பிப்ரவரியில் வரும். அறிவிப்பு முந்தைய செப்டம்பரிலேயே வந்துவிடும்.

இரண்டாவது வழி, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் புவி அறிவியல் தாள் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கி, பிஎச்.டி. செய்வது. முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இது 2023-ல் உயர்த்திய தொகை. வீட்டு வாடகைப் படி தனி. மூன்றாவது, 'கேட்' தேர்வு மூலம் எண்ணெய் எரிவாயு நிறுவனங்கள்.

இப்போது கசப்பான பக்கம். காலியிடங்கள் குறைவு. ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதல் முயற்சியிலேயே தேர்வாகிறவர்கள் சிலர்தான். ஆராய்ச்சிப் பக்கம் போனால் நிலையான வேலை கிடைக்க முப்பது வயது ஆகலாம். நடுவில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தப் பணிகளில் ஓட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் 22 வயதில் பெங்களூருவில் ஐ.டி. சம்பளம் வாங்கும்போது, நம் பிள்ளை மண்ணைச் சலித்துக்கொண்டிருப்பான். உறவுக்காரர்கள் கேட்பார்கள். வீடு அதைத் தாங்குமா என்று முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள். உடனே சம்பாதித்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு நான் இதை வற்புறுத்த மாட்டேன். ஆனால் வீடு தாங்கும், பிள்ளைக்கும் ஆசை இருக்கிறது, தயக்கத்துக்குக் காரணம் 'கேள்விப்பட்டதில்லை' என்பது மட்டும்தான் என்றால், அதற்காக நிறுத்தாதீர்கள்.

தேவை கூடிக்கொண்டுதான் போகிறது. 1981 ஜனவரி 26 அன்று கவேஷணி என்ற நம் ஆய்வுக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் இருந்து முதல் கனிம உருண்டைகளை எடுத்தது. உருளைக்கிழங்கு போல் இருக்கும். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம் எல்லாம் அதில் உண்டு. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் அதை ஆராயும் உரிமை நமக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல். 2021-ல் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது.

2024 நவம்பரில் கடலடிக் கனிமத் தொகுதிகள் 13-ஐ மத்திய அரசு முதன்முறையாக ஏலத்துக்கு விட்டது. குஜராத் கடலில் சுண்ணாம்புச் சேறு, கேரளக் கடலில் கட்டுமான மணல், பெரிய நிக்கோபார் அருகே கனிம உருண்டைகள். கேரள மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குவாரி வெடியும் தூசியும் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலுக்கு அடியில் தோண்டினால் என்ன ஆகும், எங்கே தோண்டலாம், எங்கே கூடவே கூடாது என்று சொல்வதற்கும் இதே படிப்புப் படித்த ஆள்தான் வேண்டும். அந்த இடத்தில் மனசாட்சியுள்ள பிள்ளைகள் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

பெண் பிள்ளை கப்பலில் எப்படி இருப்பாள்?

அந்த அப்பாவின் கடைசிக் கேள்வி. இதற்கு எனக்கு அன்று தெரியாத ஒரு கதை இருக்கிறது.

மேரி தார்ப் என்று ஓர் அமெரிக்கப் பெண். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்களுக்கும் ஜியாலஜி வகுப்பில் இடம் கிடைத்த காலத்தில் படித்தவர். ஆய்வுக் கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். ஆண்கள் கடலுக்குப் போய் ஆழத்தை அளந்து கொண்டு வருவார்கள், இவர் கரையில் உட்கார்ந்து அதைப் படமாக வரைவார். 1952-ல் அட்லாண்டிக் கடலடி மலைத்தொடரின் நடுவில் நெடுகப் பள்ளத்தாக்கு ஒன்று ஓடுவதைக் கண்டார். கடல் தரை அங்கே பிளந்து விலகுகிறது என்பதன் அடையாளம் அது. உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்களின் வெறும் பேச்சு என்று தள்ளினார். பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மேரி தார்ப் முதன்முதலில் ஆய்வுக் கப்பலில் ஏறியது 1968-ல். 1977-ல் அவர்கள் வெளியிட்ட உலகக் கடல் தரை வரைபடம் உலகெங்கும் வகுப்பறைச் சுவர்களில் தொங்கியது.

நம் நாட்டில், 1983-ல் கிளம்பிய மூன்றாவது அண்டார்டிகா பயணத்தில் இரண்டு பெண்கள் போனார்கள். ஒருவர் கடலியலாளர் அதிதி பந்த். மற்றவர் சுதீப்தா சென்குப்தா, ஜியாலஜி படித்தவர். அவர்கள் போய் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஆய்வுக் கப்பல்களில் பெண்கள் போவது வழக்கமான விஷயம்.

இருந்தாலும் பெற்றோர் விசாரிக்க வேண்டியதை விசாரியுங்கள். குழுவில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, அறை எப்படி, மருத்துவர் உண்டா, வீட்டோடு பேச என்ன வசதி, புகார் சொல்ல யார் பொறுப்பு என்று நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த அப்பாவின் லாரி கவுகாத்திக்குப் போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகும். அந்த டிரைவர் எங்கே சாப்பிடுவார், எங்கே தூங்குவார் என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதனால்தான் பயமில்லாமல் அனுப்பினார். கப்பலைப் பற்றியும் யாராவது அதேபோல் சொல்லியிருந்தால் மகளையும் அனுப்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

முடிக்கும் முன்

இந்த வாரம் செய்யக் கூடியவை மூன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பாடப்பிரிவு பற்றிப் பேசும்போது கணிதத்தை யோசித்து முடிவு செய்யுங்கள். ப்ளஸ் டூ பிள்ளை இருந்தால், கலந்தாய்வுக் கல்லூரிப் பட்டியலோடு கூடவே அரசு கலைக் கல்லூரி ஜியாலஜி துறையையும் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் பாறை அலமாரிகளைப் பார்க்கவே போகலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்குச் சொன்ன தேர்வுகளின் மாதங்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் நூலக அறையில் இருப்பேன். பூதக்கண்ணாடியும், நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் நாலைந்து துண்டும் கொண்டு வருகிறேன். எந்த வயதுப் பிள்ளையும் வரலாம். பெற்றோரும் வாருங்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள். தெரியாத கேள்விக்கு "உங்கள் விருப்பம்தான்" என்று இந்த முறை சொல்ல மாட்டேன். விசாரித்து அடுத்த ஞாயிறு பதில் சொல்வேன்.